கஸ்தூரி எலுமிச்சையில் கிம்லெட்: வீட்டில் கலக்க முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் வீட்டு விருந்து என்றால் மேசை நடுவே ஒரு பாட்டில், பக்கத்தில் கோலா, ஒரு பாத்திரத்தில் ஐஸ். அவரவர் கண்ணளவுக்கு ஊற்றிக்கொள்வார்கள். இந்தப் பழக்கம் எனக்குச் சற்றும் பிடிப்பதில்லை. விருந்தாளிக்கு இலை போட்டால் நாமே நின்று பரிமாறுகிறோம்; குழம்புச் சட்டியை அவர் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவதில்லை. மதுவுக்கும் அந்த மரியாதை வேண்டும். அளந்து, குளிரவைத்து, வடிகட்டி, ஆளுக்கு ஒரு கிளாஸ் கையில் கொடுக்க வேண்டும்.

அப்படிக் கொடுப்பதற்கு ஏற்ற பானம் கிம்லெட். ஜின், எலுமிச்சை, சர்க்கரை. அவ்வளவுதான். ஜின்னைத் தவிர மற்றதெல்லாம் காலைச் சந்தையிலும் மளிகைக் கடையிலும் கிடைக்கும். டானிக் தண்ணீர் கலந்த ஜின்னையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் டானிக் பாட்டிலைத் திறந்துவிட்டால் அன்றைக்கே தீர்க்க வேண்டும். மறுநாள் நுரை செத்துவிடும். கிம்லெட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இதன் கதை கப்பலில் தொடங்குகிறது. நீண்ட கடற்பயணத்தில் வைட்டமின் சி கிடைக்காமல் மாலுமிகளுக்கு ஈறு வீங்கி இரத்தம் கசியும் நோய் வந்தது. 1867ஆம் ஆண்டு பிரிட்டன் தன் வணிகக் கப்பல்களில் எலுமிச்சைச் சாறு வழங்குவதைச் சட்டமாக்கியது. அதே ஆண்டில் லாக்லன் ரோஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், சாராயம் சேர்க்காமல் சர்க்கரையைக் கொண்டே எலுமிச்சைச் சாற்றைக் கெடாமல் வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்தச் சர்க்கரைச் சாற்றைக் கப்பல் அதிகாரிகள் ஜின்னோடு கலந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1920களில் அச்சேறிய பழைய அளவு பாதிக்குப் பாதி: ஒரு பங்கு ஜின், ஒரு பங்கு இனிப்பு எலுமிச்சைச் சாறு. இன்றைய நாக்குக்கு அது மிகவும் தித்திப்பு. நாம் இரண்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் ரப்பர் தோட்டத்துக்கும் ஜின்னுக்கும் பழைய தொடர்பு உண்டு. மாலையில் துரைமார்கள் கிளப்பில் கூடி ஜின் பாகிட் குடித்தார்கள். ஜின்னில் கசப்புச் சாறு சில சொட்டு விட்டால் அதுதான் ஜின் பாகிட். அந்தக் கிளப்பின் கதவு நம் பாட்டன்மாருக்குத் திறக்கவில்லை. அவர்களுக்குத் திறந்திருந்தது கள்ளுக்கடை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடு என்பதையும் கோரிக்கையாக வைத்தார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கு என்பதும் அதே பட்டியலில் இருந்தது. பின்னாளில் சம்சு என்னும் மலிவான சாராயம் எத்தனை குடும்பங்களைக் குலைத்தது என்பதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். குடிப்பவர் அளவறிந்து குடிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு அதுவே காரணம். குடிக்காதவரைக் குடிக்கச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. இது குடிக்கும் பழக்கமுள்ள, 21 வயது நிறைந்த, முஸ்லிம் அல்லாத வாசகர்களுக்கு எழுதியது.

ஜின்னைத் தேர்ந்தெடுப்பது

பாட்டிலில் 'லண்டன் டிரை' என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லண்டனில்தான் வடித்தார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. செய்முறையைக் குறிக்கும் பெயர் அது. வடித்த பிறகு வாசனையோ நிறமோ சேர்க்கக்கூடாது, இனிப்பும் பெயருக்குத்தான் இருக்கலாம். கோர்டன்ஸ், பீஃபீட்டர், டாங்கரே எல்லாம் இந்த வகை. இளஞ்சிவப்பு நிறத்தில் ஸ்ட்ராபெர்ரி வாசனையோடு விற்கும் ஜின் இந்தப் பானத்துக்கு உதவாது. எலுமிச்சையும் சர்க்கரையும் நாம் சேர்க்கப் போகிறோம், பாட்டிலிலேயே இன்னோர் இனிப்பு எதற்கு?

ஜின்னுக்கு உயிர் ஜூனிப்பர் என்னும் காய். அதற்கு அடுத்தபடியாக ஏறத்தாழ எல்லா ஜின்னிலும் இருப்பது நம் கொத்தமல்லி விதை. பல வகைகளில் அதிமதுரமும் ஏலக்காயும் பட்டையும் சேர்கின்றன. வாங்கி வந்ததும் இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தேயுங்கள். சாராய நெடி சில விநாடிகளில் பறந்துவிடும். பிறகு முகர்ந்தால் முதலில் தேவதாரு மரத்தை அறுத்த மணம் வரும், அது ஜூனிப்பர். அது தணிந்ததும் அடியில் எலுமிச்சை சாயலோடு வருவது மல்லி. வறுக்காத மல்லியை அம்மியில் நசுக்கும்போது எழும் அதே மணம். எந்த ஜின்னில் இந்த இரண்டும் தெளிவாகத் தெரிகின்றனவோ அது கிம்லெட்டுக்கு ஏற்றது. விலை உயர்ந்ததாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை; நூறு பூக்களின் மணம் கொண்ட விலை உயர்ந்த ஜின்னை எலுமிச்சைச் சாறு மூடிவிடும், காசு வீண்.

லேபிளில் சாராய விகிதத்தையும் பாருங்கள். பெரும்பாலும் 37.5 விழுக்காட்டிலிருந்து 47 வரை இருக்கும். நான் இங்கே சொல்லும் அளவெல்லாம் 40 விழுக்காட்டை வைத்துச் சொல்வது. 37.5க்குக் கீழே இருந்தால் எலுமிச்சைக்கு முன் நிற்காது. 45க்கு மேல் என்றால் ஜின்னை 5 மில்லி குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். உரிமம் பெற்ற கடையில், சுங்கத்துறையின் வரி முத்திரை ஒட்டிய, மூடி உடையாத பாட்டிலை மட்டுமே வாங்குங்கள். பாதி விலைக்கு யாரோ காரில் கொண்டுவந்து தருகிறார் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள். அவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஏராளம். மெத்தனாலை மணத்தாலோ சுவையாலோ கண்டுபிடிக்க முடியாது. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. பிழைத்தவர்களும் பார்வையை இழக்கக்கூடும்.

பழம்

வெளிநாட்டுக் குறிப்புகளில் பெரிய பச்சை எலுமிச்சையைச் சொல்வார்கள். நம் ஊரில் அதற்கு இணை லீமாவ் நிப்பிஸ். ஆனால் என் தேர்வு லீமாவ் கஸ்தூரி. மீ கோரெங் தட்டின் ஓரத்தில் பாதியாக வெட்டி வைப்பார்களே, அதுதான். நிப்பிஸ் புளிப்பில் நேராக அடிக்கும். கஸ்தூரியின் புளிப்பு சற்று உருண்டையானது, அதற்குள் ஆரஞ்சின் மணம் ஒளிந்திருக்கிறது. ஜின்னில் இருக்கும் மல்லியோடு அது மிக நன்றாகச் சேர்கிறது.

தோல் பச்சையாக, மினுமினுப்பாக, கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனத்தோடு இருக்கும் பழம் நல்லது. காம்புப் பக்கம் லேசாக மஞ்சள் தட்டியிருந்தால் சாறு அதிகம். முழுக்க மஞ்சளாகிவிட்டால் புளிப்பு குறைந்திருக்கும். குளிர்பெட்டியில் வைத்திருந்தால் அரை மணி நேரம் வெளியே எடுத்து வையுங்கள். சில்லென்ற பழம் சாறு விடாது. பலகையில் உள்ளங்கையால் அழுத்தி உருட்டிவிட்டு வெட்டுங்கள். காம்பை மேலே வைத்து நடுவில் வெட்டாமல், கொஞ்சம் விலக்கி வெட்டினால் விதைகள் அறுபடாது. கஸ்தூரியில் விதை அதிகம். அறுபட்ட விதை ஒன்று சாற்றில் கிடந்தாலே கசப்பு இறங்கிவிடும். அதனால் பிழியும்போதே வடிகட்டியின் மேல் பிழியுங்கள்.

கஸ்தூரிச் சர்க்கரைச் சாறு

இந்தப் பானத்தின் பாதி வேலை இங்கேதான். பொறுமையாகச் செய்யுங்கள்.

300 கிராம் பழத்தை நன்றாகக் கழுவித் துடையுங்கள். பிழிந்து வடிகட்டினால் சுமார் 100 மில்லி சாறு கிடைக்கும். பழத்தைப் பொறுத்து முன்பின் ஆகலாம். குறைந்தால் இன்னும் நான்கு பழம் பிழிந்து 100 ஆக்கிக்கொள்ளுங்கள். சாற்றை மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். பிழிந்த தோல்களில் பச்சை மாறாத பத்துப் பழத்தின் தோலை எடுத்து, ஒட்டிய விதைகளைத் தட்டிவிட்டு, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் 80 கிராம் வெள்ளைச் சர்க்கரையோடு போடுங்கள். கரண்டியின் பின்புறத்தால் ஒரு நிமிடம் நன்றாக அழுத்திப் பிசையுங்கள். சர்க்கரை தோலில் இருக்கும் எண்ணெயை இழுக்கத் தொடங்கும். முதலில் ஈரமான மணல் பதம். அரை மணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் பச்சை படிந்த பாகு தேங்கியிருக்கும். அறை முழுவதும் மணக்கும். சாற்றில் புளிப்பு இருக்கிறது, மணம் இருப்பது இந்த எண்ணெயில்தான். கடையில் விற்கும் பாட்டில் சாறுகளில் கிடைக்காதது இதுவே.

நாற்பது நிமிடத்துக்கு மேல் விடவேண்டாம். தோலின் வெள்ளைப் பகுதி கசப்பை விடத் தொடங்கிவிடும். இப்போது சாற்றை ஊற்றி, சர்க்கரை முழுவதும் கரையும்வரை கலக்குங்கள். அடுப்பு வேண்டாம், சூடு பட்டால் சாறு வெந்த வாசனை அடிக்கும். கரைந்ததும் வடிகட்டி, தோலையும் பிழிந்து, வெந்நீரில் கழுவி உலர்த்திய பாட்டிலில் ஊற்றுங்கள். ஏறத்தாழ 150 மில்லி இருக்கும். ஆறு கிளாசுக்கு அது சரியாக வரும். குளிர்பெட்டியில் ஒரு வாரம் வைக்கலாம். முதல் மூன்று நாள்கள்தான் உச்சம்.

ஐந்து நிமிடத்தில் விருந்தாளி வந்துவிடுவார் என்றால் குறுக்கு வழி உண்டு: ஒரு கிளாசுக்குப் புதுச் சாறு 20 மில்லி, சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் கரைத்த பாகு 15 முதல் 20 மில்லி. நன்றாகவே இருக்கும். தோலின் மணம் மட்டும் இருக்காது.

ஐஸ்

நம் வெப்பத்தில் ஐஸை அலட்சியப்படுத்தினால் மற்ற உழைப்பெல்லாம் வீண். பையில் விற்கும் நடுவில் ஓட்டை உள்ள ஐஸ் பெரிய கூட்டத்துக்கு வசதிதான், ஆனால் உள்ளும் புறமும் சேர்ந்து உருகும். பானம் குளிர்வதற்குள் நீர்த்துப்போகும். தட்டில் உறையவைத்த கெட்டியான சதுரக் கட்டிகளே மேல். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து ஊற்றுங்கள். குளோரின் வாசனை குறையும். தட்டைக் கட்டாயம் மூடி வையுங்கள். உறைபெட்டியில் கருவாடும் சம்பாலும் இருக்கும் வீடு நம்முடையது. திறந்து கிடக்கும் ஐஸ் இரண்டே நாளில் அந்த வாசனையை ஏற்றுக்கொள்ளும். கிம்லெட் போன்ற மெல்லிய பானத்தில் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும். கட்டிகள் ஈரம் பளபளக்க இருந்தால் அவை ஏற்கெனவே உருகத் தொடங்கிவிட்டன. குலுக்கும் நேரத்துக்குச் சற்று முன்புதான் வெளியே எடுக்க வேண்டும்.

கலக்குவது

தனிக் குலுக்கி வாங்க வேண்டாம். திருகு மூடி உள்ள, வாய் அகன்ற எவர்சில்வர் பாட்டில் போதும். மூடியின் ரப்பர் வளையத்தை முகர்ந்து பாருங்கள். பழைய காப்பி வாசனை இருந்தால் சமையல் சோடாவில் ஊறவையுங்கள். மெல்லிய கண்ணாடி ஜாடி வேண்டாம், ஐஸ் மோதி விரிசல் விடும். அளக்க இருமல் மருந்தோடு வரும் கோடு போட்ட சிறு கிண்ணமே போதும். ரொட்டி சுடும் அளவுக் கரண்டி இருந்தாலும் சரி: பெரியது 15 மில்லி, சிறியது 5.

கிளாசை முதலில் உறைபெட்டியில் வைத்துவிடுங்கள், பதினைந்து நிமிடம். சிறிய கிளாசாக, 120 அல்லது 150 மில்லி கொள்வதாக இருக்கட்டும். பெரிய கிளாசில் ஊற்றினால் குறைவாகக் கொடுத்தது போலத் தோன்றும், கை தானாக இன்னும் ஊற்றும்.

குலுக்கும் பாட்டிலில் 50 மில்லி ஜின்னும் 25 மில்லி கஸ்தூரிச் சர்க்கரைச் சாறும் ஊற்றுங்கள். இரண்டு சொட்டு உப்பு நீர் விடுங்கள். எலுமிச்சைச் சாற்றில் ஒரு சிட்டிகை உப்புப் போடும் நம் வீட்டு வழக்கம் இங்கேயும் பலிக்கும். உப்பின் சுவை தெரியாது, கசப்பு அடங்கிப் பழம் முன்னே வரும். இப்போது, ஐஸ் போடுவதற்கு முன், ஒரு கரண்டி நுனியில் தொட்டுச் சுவையுங்கள். இந்த நிலையில் அது சற்றுத் தூக்கலாகவே இருக்க வேண்டும், தண்ணீர் இனிமேல்தான் சேரப் போகிறது. புளிப்பு போதவில்லை என்றால் அரைப் பழம் பிழியுங்கள். பழம் கடுமையாகப் புளித்தால் சர்க்கரைப் பாகு 5 மில்லி.

பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்கு ஐஸ் நிரப்பி மூடியை இறுக்குங்கள். ஒரு துணியைச் சுற்றிப் பிடித்து, தோள் உயரத்தில், முன்னும் பின்னுமாக வேகமாகக் குலுக்குங்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து விநாடி. காதைக் கொடுத்துக் கேளுங்கள்: தொடக்கத்தில் கட்டிகள் கலகலவென மோதும், முனைகள் மழுங்க மழுங்க ஓசை தடித்து மந்தமாகும். பாட்டிலின் வெளிப்புறம் வெண்பனி படிந்து விரலில் ஒட்டும். அங்கே நிறுத்துங்கள். ஆசையாக இன்னும் அரை நிமிடம் குலுக்கினால் கிடைப்பது எலுமிச்சைத் தண்ணீர்.

உறைபெட்டியிலிருந்து கிளாசை எடுத்து, டீ வடிகட்டியைப் பிடித்து ஊற்றுங்கள். ஐஸ் துணுக்கும் சதைத் துணுக்கும் மேலே தங்கிவிடும். சுமார் 100 மில்லி வரும். மூடுபனி போன்ற இளம்பச்சை, மேலே மெல்லிய நுரை. கஸ்தூரித் தோல் துண்டு ஒன்றை மேலே பிடித்து மடக்கி அழுத்தினால் எண்ணெய் தூறலாக விழும். தோலைக் கிளாசில் போடாமல் எறியுங்கள்.

ஐந்தாறு பேர் வருகிறார்கள் என்றால் ஆளுக்கு ஒன்றாகக் குலுக்குவது சிரமம். ஜின் 300 மில்லி, கஸ்தூரிச் சர்க்கரைச் சாறு 150 மில்லி, குளிர்ந்த குடிநீர் 150 மில்லி என்று ஒரு பாட்டிலில் கலந்து, உறைபெட்டியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். ஐஸ் தரவேண்டிய தண்ணீரை நாமே ஊற்றிவிட்டோம், குலுக்க வேண்டியதில்லை. நுரை இருக்காது, சுவை குறையாது.

எவ்வளவு

இந்தக் கிளாசில் இருப்பது 20 விழுக்காட்டுச் சாராயம். 50 மில்லி ஜின்னில் தூய சாராயம் ஏறத்தாழ 16 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவு என்று கணக்கிடும் 10 கிராமைப் போல ஒன்றரை மடங்கு. நாக்கில் அது தெரியாது. தீபாவளிக்கு வந்த என் தங்கை கணவர், "மச்சான், ஜின்னே போடவில்லையா? இன்னும் கொஞ்சம் ஊற்றுங்களேன்" என்றார். "மாப்பிள்ளை, அரை மணி நேரம் கழித்துக் கேளுங்கள்" என்றேன். அவர் பிறகு கேட்கவில்லை. சில்லென்று இனிப்பாக இருப்பதால் மடமடவென்று இறங்கும் பானம் இது. வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். முறுக்கு, வறுத்த கடலை, மிளகு போட்டு வறுத்த கோழி என ஏதாவது முதலில் மேசைக்கு வரட்டும். என் வீட்டில் கிம்லெட் ஆளுக்கு ஒன்று, மிஞ்சினால் நெடுநேரம் கழித்து இன்னொரு பாதி. 700 மில்லி பாட்டிலில் 14 கிளாஸ் வரும் என்பதால் ஒரே பாட்டில் பல மாலைகளுக்கு நிற்கும்.

மருந்து உட்கொள்பவர், கர்ப்பிணி, கல்லீரல் நோய் உள்ளவர் ஆகியோருக்கு இது வேண்டாம். வண்டி ஓட்டிப் போக வேண்டியவருக்கும் வேண்டாம். 2020இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டபோது இரத்தத்தில் அனுமதிக்கப்படும் சாராய அளவு 100 மில்லிக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைக்கப்பட்டது. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில், விளக்கில்லாத இரவில், மோட்டார் சைக்கிளில் போகிறவருக்குச் சட்டம் சொல்லும் அந்த 50 கூட அதிகம்.

குடிக்காதவருக்கும் அதே மேசையில் அதே அக்கறையோடு ஒரு கிளாஸ் போகவேண்டும். அவர் முன்னால் கோலா டின்னை வைத்துவிட்டு நமக்கு மட்டும் குலுக்கிக்கொண்டிருப்பது முறையல்ல. கஸ்தூரிச் சர்க்கரைச் சாறு 40 மில்லி, நசுக்கிய மல்லி விதை அரைத் தேக்கரண்டி, உப்பு நீர் இரண்டு சொட்டு; ஐஸோடு குலுக்கி, குளிர்ந்த கிளாசில் வடிகட்டி, மேலே சோடா 100 மில்லி. மல்லி அந்த ஜின் மணத்தில் பாதியைக் கொண்டுவந்துவிடும். 'அசாம் போய்' என்னும் உப்பிட்டு உலர்த்திய பிளம் பழம் ஒன்றைப் போட்டால் பிள்ளைகளும் கேட்டு வாங்குவார்கள். அப்போது உப்பு நீரை விட்டுவிடுங்கள், அசாம் போயில் இருக்கும் உப்பே போதும்.

சர்க்கரையில் ஊறிய தோல்களை எறியாதீர்கள். பொடியாக நறுக்கி, உப்பும் மிளகாய்த் தூளும் போட்டு ஒரு நாள் வெயிலில் வைத்து, கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினால் தயிர்ச் சோற்றுக்கு இனிப்பும் புளிப்புமான ஊறுகாய் தயார். குளிர்பெட்டியில் இரண்டு வாரம் தாங்கும்.